அச்சும் இல்லறமும்: மீட் பாதிரியாரின் நெடுவாழ்வு

ஒரு நூலைக் கையில் எடுக்கும்பொழுது அதனை இயற்றியவர் யார் என்றே முதலில் பார்க்கிறோம். நூலின் நயத்தைச் சுவைக்கும்பொழுதும் அவரையே வாழ்த்துகிறோம். அந்நூலை எழுத்தெழுத்தாகக் கோத்து, பிழை திருத்தி, மை தடவி, தாளில் பதித்து, மடித்துத் தைத்து நம்மிடம் சேர்ப்பித்தவர்களைப் பற்றி நாம் எண்ணுவது அரிது. ஆயினும், ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுத் தாளுக்கு நம் மொழி நடந்துவந்த பாதையைப் பின்பற்றிச் செல்வோர், புகழ் மறைந்த இத்தகைய உழைப்பாளர் பலரை வழியில் சந்திக்கின்றனர். அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சார்லஸ் மீட். 1792-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். 1818-ஆம் ஆண்டு முதல் 1873-ஆம் ஆண்டு வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தைத் தம் தொழிற்களமாகக் கொண்டு, திருவனந்தபுரத்தில் உயிர் நீத்தவர். தமிழ் எழுத்துகளைக் கோத்த ஓர் அச்சுக்கூடமும், துயரமும் துணிவும் கலந்த ஓர் இல்லறமும் அவர் வாழ்வின் இரு கண்கள். இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று சோதித்தன என்பதே நான் கூற வந்த செய்தி.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இவ்வரலாற்றில் தனிச் சுவை உண்டு. தமிழ் அச்சுக் கலை பிறந்தது சென்னையிலன்று, மதுரையிலன்று. மலையாளக் கரையில் உள்ள கொல்லத்திலேதான் 1578-ஆம் ஆண்டில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலைப் போர்த்துகீசிய மொழியிலிருந்து ஆக்கித் தந்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் வழங்கும் என்ரிக்கே என்ரிக்கஸ் பாதிரியார். அதற்குப் பயன்பட்ட எழுத்துகளில் ஒரு பகுதி கோவாவிலும் மற்றொரு பகுதி கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. மறு ஆண்டிலேயே கொச்சியில் மற்றொரு தமிழ் நூல் வெளிவந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1679-இல், இன்றைய கேரளத்தின் அம்பலக்காட்டிலே தமிழ்-போர்த்துகீசிய அகராதி ஒன்று அச்சாயிற்று. மரத்தில் செதுக்கிய எழுத்துகளைக் கொண்டு அது அச்சிடப்பட்டது. ஆகவே கேரள மண்ணுக்கும் தமிழ் அச்சுக்கும் உள்ள உறவு, மாநில எல்லைகள் வகுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முற்பட்டது.

பின்னர் இக்கலை கிழக்குக் கரைக்குச் சென்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் நிறுவிய அச்சுக்கூடத்தில் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அச்சாயிற்று. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, வேப்பேரியில் ஃபப்ரீசியஸ் பாதிரியாரின் பொறுப்பில் இயங்கத் தொடங்கியது. இவ்வாறு பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் சோழமண்டலக் கரையிலேயே வளர்ந்த தமிழ் அச்சு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் மேற்குமலையைக் கடந்து திருவிதாங்கூருக்குள் புகுந்தது. அதனை அழைத்து வந்தவரே மீட்.

அக்காலத் தென் திருவிதாங்கூர் எவ்வாறு இருந்தது? தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களில் பெரும்பான்மையோர் தமிழ் பேசினர். ஆட்சியின் தலைநகரம் திருவனந்தபுரம்; அரண்மனையிலும் கச்சேரிகளிலும் மலையாளம் வழங்கியது. சாதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்தன. தாழ்த்தப்பட்ட குலங்களில் பிறந்தோர் பொதுவழியில் நடக்கவும், நல்ல உடை உடுத்தவும் தடை இருந்தது. அடிமைகளாக விற்கவும் வாங்கவும்பட்ட மக்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கல்வி திண்ணைப் பள்ளிகளில் நடைபெற்றது. திண்ணையேறும் உரிமை இல்லாதவர்க்கோ எழுத்து எட்டாக் கனியாக இருந்தது.

இந்நிலையில் மயிலாடி என்னும் சிற்றூரில் மகாராசன் என்ற பெயருடைய ஒருவர், சாம்பவர் குலத்தில் பிறந்தவர், தஞ்சையில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவி வேதமாணிக்கம் என்னும் பெயர் பெற்றுத் திரும்பினார். அவருடைய அழைப்பின்பேரில் 1806-ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். பத்தாண்டுகள் உழைத்தபின் உடல் நலிந்து 1816-இல் அவர் ஊரைவிட்டு அகன்றார். அவர் சென்ற பிறகு சபைகளையும் பள்ளிகளையும் வேதமாணிக்கமே காத்து நின்றார். அவ்விடத்தை நிரப்பப் புறப்பட்டு வந்தவர்தான் இருபத்துநான்கு வயதை எட்டாத இளைஞர் மீட்.

அவருடைய பயணமே ஒரு சோதனையாக அமைந்தது. 1816-இல் மனைவி ஆன் அம்மையாருடன் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தார். நோயின் காரணமாக உடனே தெற்கே செல்ல இயலாமல் பினாங்குத் தீவுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே அவ்வம்மையார் காலமானார். 1818-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீட் மயிலாடியை அடைந்தபொழுது, வாழ்க்கைத் துணையை இழந்தவராகவே வந்து சேர்ந்தார். வந்த நாட்டின் மொழியோ இனித்தான் கற்க வேண்டியது. வேறொருவராயின் அடுத்த கப்பலிலே திரும்பியிருக்கக் கூடும். மீட் தங்கினார்; ஐம்பத்தைந்து ஆண்டுகள் தங்கினார்.

காலம் அவருக்கு ஒருவகையில் துணை நின்றது. ராணி கௌரி பார்வதி பாய் அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். 1817-ஆம் ஆண்டிலேயே, குடிகளின் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்று அவ்வம்மையார் பெயரால் ஆணை பிறந்திருந்தது. பிரிட்டிஷ் ரெசிடெண்டு கர்னல் மன்றோவின் பரிந்துரையால் நாகர்கோவிலில் மிஷனுக்கு ஒரு பங்களாவும், பள்ளிக்கு வயல் வாங்க ஐயாயிரம் ரூபாயும் அரசியார் அளித்தார். மிஷனின் தலைமையிடம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. மன்றோவின் விருப்பப்படி மீட் நாகர்கோவில் நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். பாதிரியார் ஒருவர் நீதிபதி ஆசனத்தில் அமர்வதை லண்டனில் இருந்த சங்கத்தார் ஏற்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டிலே அப்பதவியைத் துறந்தார். அரசாங்கத்தின் நிழலில் சமயப்பணி வளர்ந்ததைக் குறைகூறியோர் அன்றும் இருந்தனர். அக்குறையில் உண்மை இல்லை என்று கூற முடியாது. அதனை மறைத்து வரலாறு எழுதுவதும் முறையன்று.

1819-ஆம் ஆண்டில் சார்லஸ் மால்ட் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தனர். பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்துக்கு வித்திடப்பட்டது இந்நாட்களிலேதான். ஊர்தோறும் சிறு பள்ளிகள் தோன்றின. பள்ளிகள் பெருகப் பெருக ஒரு பெருங்குறை தெரியலாயிற்று. பிள்ளைகள் இருந்தார்கள், ஆசிரியர் கிடைத்தனர்; ஆனால் படிப்பதற்குப் புத்தகம் எங்கே? பனையோலையில் எழுத்தாணி கொண்டு ஒவ்வொரு படியாக எழுதித் தருவதென்றால் நூறு பிள்ளைகளுக்கு எத்தனை மாதங்கள் ஆகும்? சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வரவழைத்தால் கப்பற்கூலியும் காலமும் விரயம். ஆகவே 1820-ஆம் ஆண்டையொட்டித் தரங்கம்பாடியிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை வரவழைத்து, நாகர்கோவிலில் மீட் அச்சுக்கூடம் அமைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1821-இல், ராஜ்யத்தின் வடபகுதியிலுள்ள கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி பாதிரியார் மலையாள அச்சுக்குக் கால்கோள் செய்தார். தெற்கே தமிழ், வடக்கே மலையாளம் என ஒரே ராஜ்யத்தில் இரு மொழிகளும் ஏறக்குறைய ஒருங்கே அச்சேறியது நினைவில் வைக்கத்தக்கது.

தமிழில் அச்சுக் கோத்தல் எத்துணைக் கடினம் என்பதை இக்காலத்தவர் எளிதில் உணர இயலாது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகளின் பெரிய, சிறிய வடிவங்கள் போதும். தமிழில் எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு. ஆகாரத்தின் கால், எகர ஏகாரங்களின் கொம்பு போன்ற குறிகள் தனித்து நிற்பதால் அவற்றைத் தனி அச்சாக வார்த்துக்கொள்ளலாம். ஆனால் உகர ஊகார வரிசைகளில் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். ணா, றா, னா முதலியவற்றுக்கும், ணை, லை, ளை, னை என்பவற்றுக்கும் அக்காலத்தில் வேறு வடிவங்கள் இருந்தன. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே அவை வழக்கொழிந்தன. இத்தனை அச்சுகளையும் அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியின் முன்னே நின்று, இடம்வலம் மாறிய எழுத்துகளைக் கண்ணிமைக்காமல் தேடி எடுத்துக் கோக்க வேண்டும். கோத்த பக்கத்தைச் சட்டத்தில் இறுக்கி, மை தடவி, ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து, கைப்பிடியை இழுத்து அழுத்த வேண்டும். ஒருவர் மை தடவ, மற்றொருவர் இழுக்க, தாள் தாளாகப் பக்கங்கள் வெளிவரும். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, கலைத்து, அவையவற்றின் அறையிலே திரும்ப இட வேண்டும்.

அச்சு எழுத்துக்கு ஒழுங்கையும் தந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதுவதே ஏடெழுதுவோர் வழக்கம். பொருளறிந்தவரே அவ்வேட்டைப் பிழையறப் படிக்க முடியும். அச்சிலோ புள்ளி நின்றது. சொற்களுக்கு இடையே வெளி வந்தது. வாக்கியத்தின் முடிவு தெரிந்தது. புலவர் துணையின்றி, எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் தாமே படித்துப் பொருள் கொள்ளலாயினர். மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர் இதன் அருமையை நன்கு அறிவோம். எளிய வாக்கியம் எழுதுவது எளிதான செயலன்று. அதிலும், இதுவரை எழுத்தையே தொட்டறியாதவருக்காக எழுதுவது பெரும் பொறுப்பு. பாடநூல்கள், வேதப் பகுதிகள், துண்டுப் பிரசுரங்கள் என்று மிஷன் அச்சகங்களில் வெளிவந்தவற்றின் நடையில் வடமொழிக் கலப்பும் மொழிபெயர்ப்பு நெடியும் உண்டு. பிறர் சமயத்தைப் பழித்தெழுதிய பகுதிகளும் அக்காலப் பிரசுரங்களில் உண்டு. எனினும், அரசவையையும் மடத்தையும் நோக்கியே எழுதப்பட்ட நூல்கள் மலிந்த அக்காலத்தில், வயலில் நாற்று நடுபவரையும் பனையேறுபவரையும் வாசகராகக் கருதி அச்சிட்ட நூல்கள் என்ற வகையில் அவற்றுக்கு ஒரு தனியிடம் உண்டு.

அச்சு எட்டாதவிடத்து ஓலை ஓய்ந்துவிடவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அதே தென் திருவிதாங்கூரில், அதே காலத்தில் வாழ்ந்த அய்யா வைகுண்டரின் அடியார்கள் போற்றும் 'அகிலத்திரட்டு அம்மானை' 1841-இல் ஓலையிலே எழுதப்பட்டது. அது அச்சேறியது 1939-இல்தான். நூறாண்டுக் காலம் ஓலையிலும் நாவிலுமே அது வாழ்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தன்மான உணர்வை ஊட்டிற்று. அச்சு ஒன்றே விழிப்பைத் தந்தது என்று கூறுவது மிகையாகும். ஒரே மண்ணில், ஒரே மக்களிடையே, ஓலையும் தாளும் வெவ்வேறு வழியில் ஒரே வேட்கைக்கு விடை தேடின என்பதே பொருந்தும்.

இனி மீட்டின் இல்லத்துக்குள் சிறிது நுழைவோம். நாகர்கோவிலுக்கு வந்த சில காலத்துக்குள் அவர் தஞ்சை மிஷனைச் சேர்ந்த ஹார்ஸ்டு பாதிரியாரின் மகள் யோவன்னா செலெஸ்டினாவை மணந்தார். ஏறக்குறைய முப்பதாண்டுகள் அவ்வம்மையார் அவருடைய இல்லத்தையும் தொண்டையும் ஒருசேரத் தாங்கினார். அந்நாளில் மிஷன் வீடு என்பது ஒரு குடும்பம் மட்டும் வாழும் இடமன்று. சொந்தப் பிள்ளைகளின் தொட்டில் ஒருபுறம்; விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் குழந்தைகள் மற்றொருபுறம்; மருந்து கேட்டு வருவோர், வழக்குச் சொல்லி அழுவோர், அச்சிட வேண்டிய தாள்களோடு வருவோர் வாயிலில். பெண் குழந்தைகளுக்கு எழுத்தும் தையலும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னலும், நெய்யூரில் வளர்ந்த பூவேலைத் தையலும் பிற்காலத்தில் கடல் கடந்து விலைபோயின. அவ்வேலையால் ஈட்டிய கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டனர் என்பதைவிட அத்தொழிலுக்கு வேறு பெருமை வேண்டுவதில்லை.

எழுத்தும் கூலியும் மக்களுக்குத் தலைநிமிர்வைத் தந்தன. தலைநிமிர்வு பகையைத் தேடித் தந்தது. மேலாடை அணிய உரிமையில்லாத குலங்களைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கினர். அதனைப் பொறாத மேற்குலத்தார் 1822-ஆம் ஆண்டு முதலே அவர்களைத் துன்புறுத்தலாயினர். மீட் பத்மநாபபுரம் நீதிமன்றம்வரை சென்று முறையிட, 1823-இல் குப்பாயம் அணியலாம் என்று தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் கலகம் மீண்டும் மூண்டது. ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829-இல் அரசாங்கம் வெளியிட்ட ஆணையோ மேலாடை உரிமையை மறுப்பதாகவே அமைந்தது. இக்கொந்தளிப்பின் நடுவே, 1828-ஆம் ஆண்டில், மீட் தம் இருப்பிடத்தை மேற்கேயுள்ள நெய்யூருக்கு மாற்றிக்கொண்டார். கலகம் நடக்கும் பகுதியைவிட்டு அகலாமல் அதன் நடுவிலேயே குடியேறியது அவர் இயல்பைக் காட்டுகிறது. 1838-ஆம் ஆண்டில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சேயால் அங்கே மருத்துவத் தொண்டும் தொடங்கியது.

இதற்குள் அச்சுக் கலை தலைநகரையும் எட்டிவிட்டது. இசைக்குப் பெயர்போன சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளியும், வானநோக்கு நிலையமும், அரசாங்க அச்சுக்கூடமும் தோன்றின. 1839-ஆம் ஆண்டுக்குரிய பஞ்சாங்கம் அவ்வச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. 1838-இல் ஜான் காக்ஸ் பாதிரியார் திருவனந்தபுரத்தில் லண்டன் மிஷனின் பணியைத் தொடங்கினார். இன்றும் அந்நகரின் நடுவே 'எல்.எம்.எஸ்.' என்ற மூன்றெழுத்துப் பெயரால் வழங்கும் சந்திப்பு அம்மிஷனை நினைவூட்டி நிற்கிறது. அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று 1847-இல் மிஷனரிகள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். அவ்விண்ணப்பம் உடனே பலிக்கவில்லை; 1855-ஆம் ஆண்டில்தான் அடிமை முறை ஒழிப்புப் பிரகடனம் வெளிவந்தது.

1848-இல் யோவன்னா அம்மையார் காலமானார். மீட்டுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. முப்பது ஆண்டுத் தொண்டின் பயனாக அவரிடம் பெயரும் மதிப்பும் சேர்ந்திருந்தன. அமைதியாக மூத்த ஊழியர் என்ற கௌரவத்தோடு வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆனால் 1850-களின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு செயல், மிஷன் வட்டாரத்தையே அதிரச் செய்தது. தேவவரம் முன்ஷி என்பவருடைய மகள் லோயிஸ் என்னும் பெண்ணை அவர் மணந்துகொண்டார். முன்ஷியின் குடும்பம், தீண்டத்தகாதது என்று ஊரார் ஒதுக்கி வைத்த குலத்திலிருந்து கிறிஸ்தவ சமயத்துக்கு வந்த குடும்பம். மணமகனோ ஐரோப்பியர், சங்கத்தின் மூத்த பாதிரியார், வயதிலும் மிக மூத்தவர்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரண்மனையோ கோயில் அதிகாரிகளோ அவரைத் தள்ளிவைக்கவில்லை. அவரோடு ஒரே மேசையில் உணவருந்திய ஐரோப்பியத் தோழர்களே முகம் திருப்பினர். அவரிடம் எழுத்துக் கற்ற உள்நாட்டுக் கிறிஸ்தவர்களிலும், உயர்ந்த குலத்தவர் என்று தம்மைக் கருதிக்கொண்டவர்கள் வெகுண்டனர். வயது வேற்றுமையைச் சுட்டியவர்களும் உண்டு. அது நேர்மையான ஐயமாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் பேச்சின் அடியில் ஓடிய நீரோட்டம் இனமும் சாதியும் என்பதில் ஐயமில்லை. முடிவில் மீட் லண்டன் மிஷன் சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. தாம் நிலைநாட்டிய சபைகள், தாம் அமைத்த பள்ளிகள், தாம் வரவழைத்த அச்சு இயந்திரம் அனைத்தையும் பிரிந்து, அறுபது வயதில் அவர் புதுவாழ்வு தொடங்கினார்.

மனிதர் யாவரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்னும் கருத்தை அவ்வச்சுக்கூடத்தின் இயந்திரம் முப்பது ஆண்டுகளாகத் தாளில் பதித்து வந்தது. பதித்தவர்களும் படித்தவர்களும் அதனை நம்பினார்கள். ஆனால் அந்தக் கருத்து ஏட்டைவிட்டு இறங்கி ஒரு வீட்டு வாசற்படியேறி வந்தபோது, அதனை வரவேற்க ஆள் இல்லை. நூலை வெளியிடுவதற்கும் நூலின்படி நிற்பதற்கும் இடையேயுள்ள தொலைவை மீட்டின் மூன்றாம் திருமணம் அளந்து காட்டிவிட்டது. அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. தந்தை நிலையிலிருந்து பேசும் அக்கால ஐரோப்பியரின் போக்கு அவரிடமும் இருந்திருக்கும். பெரும் பதவி வகித்த முதியவர் ஒருவர் தம் ஊழியர் குடும்பத்துப் பெண்ணை மணக்கும்போது, அப்பெண்ணின் மனம் என்ன சொல்லிற்று என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். லோயிஸ் அம்மையாரின் குரல் நமக்குக் கேட்கவில்லை. எனினும், மறைவான உறவுகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடும் வழக்கம் ஐரோப்பியரிடையே மலிந்திருந்த அக்காலத்தில், ஊரறிய மணந்து, ஊரார் கேட்ட விலையைக் கொடுத்து, கடைசிவரை உடன் வாழ்ந்தது சிறிய செயலன்று.

சங்கம் கைவிட்ட மனிதரைத் திருவிதாங்கூர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் ஆட்சியில் மீட் அரசாங்கப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக நியமனம் பெற்றார். இவ்வாறு அவருடைய இறுதிக் காலம் திருவனந்தபுரத்தில் கழிந்தது. சமயப் பிரசுரத்தில் தொடங்கிய வாழ்வு பொதுக்கல்வியில் நிறைவு கண்டது. அங்கிருந்து அவர் தம் இளமைக்காலப் போராட்டங்கள் ஒவ்வொன்றாக முடிவுறுவதைக் கண்டார். 1855-இல் அடிமை முறை ஒழிந்தது. 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான பிரகடனம் மேலாடை உரிமையை, வரம்புகளோடேனும், வழங்கிற்று. திவான் மாதவராவ் காலத்தில் கல்வி வேகமாகப் பரவியது; 1866-இல் மகாராஜா கல்லூரி தோன்றியது. தாய்மொழிப் பாடநூல்களை ஆக்குவதற்கென அரசாங்கமே குழு அமைத்தது. ஒரு தனி மனிதர் தரங்கம்பாடியிலிருந்து இயந்திரம் வரவழைத்து நிரப்ப முயன்ற அந்தப் பழைய குறையை, இப்பொழுது ஓர் அரசாங்கமே தன் கடமையாக ஏற்றுக்கொண்டது. 1873-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தம் எண்பதாவது வயதில், சார்லஸ் மீட் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவருக்குப் பின்னும் நாகர்கோவில் அச்சகம் நெடுங்காலம் இயங்கியது. லண்டன் மிஷனின் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநில அமைப்பின்போது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. 1959-இல் திருச்சபையின் பேராயமும் கன்னியாகுமரி என்றும் தென் கேரளம் என்றும் இரண்டாகப் பிரிந்தது. மீட் அச்சுக்கூடம் கண்ட நாகர்கோவிலும் குடியேறிய நெய்யூரும் இன்று தமிழ்நாட்டில். அவர் கண்மூடிய நகரம் கேரளத்தில். ஒரே வாழ்வு இரண்டு மாநிலங்களின் வரலாற்றுக்கு உரியதாகிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து தமிழ் வளர்த்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையையும் இவ்வேளையில் நினைத்துக்கொள்ளலாம். தமிழின் எல்லை நிலப்படத்தின் கோட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அந்நகரமே சான்று.

பிழைப்பை நாடிப் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்மவர்க்கு, வேற்று மண்ணில் வேரூன்றுவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. போன இடத்தின் மொழியைக் கற்க வேண்டும். அவ்விடத்து மக்களின் இன்ப துன்பங்களில் பங்கு கொள்ள வேண்டும். நம் இல்லத்தின் கதவு எவ்வளவு அகலம் திறக்கும் என்ற சோதனைக்கு ஒருநாள் உட்படவும் வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஒரு வேற்றுநாட்டார் இம்மூன்றையும் செய்தார். அவர் தமிழைக் கற்றார். தமிழ் எழுத்தை ஈயத்தில் கோக்கச் செய்தார். தம் வீட்டுக் கதவைத் தாழிடாமல் நின்றார். அவர் அச்சிட்ட தாள்களுட் பல செல்லரித்துப் போயிருக்கும். ஆனால் அவற்றைப் படித்து எழுத்தறிந்த பெண்களின் மகளிரும், அவர்தம் மகளிரும் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் மருத்துவர்களாகவும் குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் அப்பாலும் பரவிச் சென்றனர். அடுத்த முறை பழைய தமிழ் நூலொன்று உங்கள் கைக்கு வந்தால், ஆசிரியர் பெயரைப் பார்த்தபின் ஒரு கணம் அட்டையின் உட்புறத்தையும் பாருங்கள். சிறிய எழுத்தில் அங்கே நிற்கும் அச்சகத்தின் பெயருக்குப் பின்னாலும் இப்படியொரு வாழ்வு இருந்திருக்கும்.